விட்டுட்டுப் போன அப்பனுக்கு புள்ள மேல என்ன பாத்தியதை இருக்குது?

காங்கேயத்துல தாலுகா ஆபீஸ் பக்கமா ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் அப்ளிகேஷன்னு ஒரு சின்னக் கடை வெச்சிருக்கேன். அதுக்கு முன்னால ஈரோட்டுல ஒரு வக்கீலம்மாகிட்ட 11 வருசம் டைப்பிஸ்டா இருந்தேன், பூராவும் குடும்பக் கேஸ்தான், அதனால இந்த விசயத்துல ஊர்ல பேசிக்கறதுக்கும் சட்டத்துல இருக்கறதுக்கும் எவ்வளவு தொலவுன்னு எனக்கு நல்லாவே தெரியும்.

மாசி மாசம் வெள்ளகோவில் பக்கமிருந்து ஒரு அம்மிணி வந்துச்சு, கூட அவங்கப்பா, நடுவுல 9 வயசுப் பொண்ணு. தாய்மாமன் சிங்கப்பூர்ல இருக்காராம், மே லீவுக்கு புள்ளைய கூப்புட்டிருக்காரு, அதுக்கு பாஸ்போர்ட் போடணும். நான் ஒவ்வொண்ணா கேட்டு டைப் பண்ணிட்டே வந்து புள்ளையோட அப்பா பேர் என்னன்னு கேட்டதும் அந்த அம்மிணி வாயடைச்சுப் போச்சு. சித்த நேரம் கழிச்சு, "அக்கா, அவரு பேரப் போட்டா நாளைக்கு வந்து புள்ளைய கூட்டிட்டுப் போயிருவாருங்களா, போடலீனா பாஸ்போர்ட் வராதுங்களா"ன்னு கேட்டுச்சு. புள்ளைக்கு ரெண்டு வயசு இருக்கறப்போ பெங்களூருக்கு வேலைக்குன்னு போனவரு, அங்கயே வேற குடும்பம் ஆயிப்போச்சு, ஏழு வருசமா ஒரு போன் கூட இல்ல. புள்ளையோட தாத்தா, நம்ம பக்கம் அப்புச்சின்னு சொல்லுவோம், அவரு மட்டும் ரொம்ப தைரியமா இருந்தாரு. "அவனுக்கு என்னுங்க பாத்தியதை, எல்லாம் எழுதி வாங்கியாச்சு"ன்னு மஞ்சப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தாரு. உள்ளார 20 ரூபா பத்திர பேப்பர், ஊர்ப் பெரியவங்க நாலு பேரு கையெழுத்து. எனக்கும் இந்தக் குழந்தைக்கும் இனி எந்த சம்மந்தமும் இல்லை, நான் பாத்தியம் கோர மாட்டேன், அவங்களும் என்கிட்ட எந்தச் செலவும் கேக்கக் கூடாது, இப்படி எழுதியிருந்துச்சு.

மகளோட பயமும் தப்பு, அப்புச்சியோட தைரியமும் தப்பு. இந்த மாதிரி நம்ம பக்கம் எத்தனையோ வீடு இருக்குது, அதுக்காகத்தான் இத இவ்வளவு நீளமா எழுதறேன்.

இதுல மூணு விசயம் ஒட்டுக்கா பின்னிக் கெடக்குது, பிரிச்சுப் பாக்கோணும். ஒண்ணு, புள்ளைக்காக முடிவெடுக்கற அதிகாரம், அதாவது கார்டியன். ரெண்டு, புள்ள யாருகிட்ட வளருதுங்கறது, கஸ்டடி. மூணாவது, சோறு துணி படிப்புக்குக் காசு குடுக்கற கடமை. ஒருத்தன் வீட்ட விட்டுப் போனா முதல் ரெண்டும் அவன்கிட்ட இருந்து மெல்ல மெல்ல நழுவிரும். மூணாவது நழுவாது. நம்மூர்ல இத அப்படியே தலைகீழா நெனச்சுட்டிருக்கறாங்க, போனவன் காசு குடுக்க வேண்டியதில்ல, ஆனா வந்து நின்னா புள்ள அவனுக்குத்தான்னு.

1956ல வந்த இந்து மைனர் காப்பாளர் சட்டத்துல 6வது பிரிவு, மைனர் புள்ளைக்கு இயற்கைக் காப்பாளர் அப்பா, அவருக்குப் பிறகு அம்மான்னு சொல்லுது. அஞ்சு வயசு முடியற வரைக்கும் புள்ள சாதாரணமா அம்மாகிட்ட இருக்கணும்னும் அதுலயே இருக்குது. இந்த "பிறகு"ங்கற ஒத்த வார்த்தைதான் அத்தன வருசமா பொம்பளைங்கள அலைய வெச்சுது. அப்பா செத்தாத்தான் அம்மாவுக்கு அதிகாரம்னு பேங்க்ல இருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் படிச்சுக்கிட்டாங்க. 1984ல எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தன் பையன் பேர்ல ரிசர்வ் பேங்க்ல பாண்ட் வாங்க விண்ணப்பம் போட்டாங்க, புருசனும் சம்மதிச்சுத்தான் போட்டது, ஆனா அப்பா கையெழுத்து வேணும்னு திருப்பி அனுப்பிட்டாங்க. கேஸ் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி 1999 பிப்ரவரியில தீர்ப்பு வந்துச்சு. "பிறகு"ன்னா அப்பா செத்த பிறகுன்னு அர்த்தம் இல்ல, அப்பா இல்லாத நெலமையிலன்னு அர்த்தம்னு சொன்னாங்க. அப்பா எங்கயோ போயிட்டாலும் சரி, ஒரே வீட்டுல இருந்துட்டே புள்ளைய கண்டுக்காம இருந்தாலும் சரி, நோயால முடியாமப் போனாலும் சரி, ரெண்டு பேரும் பேசிக்கிட்டு அம்மாவே பாத்துக்கட்டும்னு விட்டிருந்தாலும் சரி, அம்மாதான் இயற்கைக் காப்பாளர்.

இதுக்கு முன்னாடியே 1970ல ஒரு கேஸ் இருக்குது, அது எனக்கு ரொம்பப் புடிக்கும், ஏன்னா அது காட்டுக் கேஸ், அதாவது வெவசாய நெலத்துக் கேஸ். மைனர் பொண்ணு பேர்ல நெலம், அப்பாவும் அம்மாவும் 20 வருசத்துக்கு மேல பிரிஞ்சு இருக்கறாங்க, பண்ணையம் பூரா அம்மாதான் பாத்துக்கறாங்க. குத்தகைக்காரருக்கு அம்மா நோட்டீஸ் விட்டா, அப்பன் உசுரோட இருக்கறப்போ நீ யாரு நோட்டீஸ் விடன்னு அவரு வாதாடறாரு. எட்டிப் பாக்காத அப்பா இருந்தும் இல்லாத மாதிரித்தான், அம்மா செஞ்சது செல்லும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு.

இங்க ஒண்ணு சொல்லியே ஆகோணும். நம்ம பக்கம் வீட்டுல இல்லாத அப்பாக்கள் எல்லாரும் விட்டுட்டுப் போனவங்க இல்ல. திருச்செங்கோட்டுல ரிக் வண்டி ஏறினா மாசக்கணக்குல வடநாட்டுல போர்வெல் போட்டுட்டு இருப்பாங்க, நாமக்கல் லாரி டிரைவர் ஊட்டுல புள்ளைக அப்பன் மூஞ்சியப் பாக்கறது எப்பவாச்சும்தான். அவங்க மாசாமாசம் பணம் அனுப்பறாங்க, ராத்திரி போன்ல புள்ளைகிட்ட பேசறாங்க, அவங்க பாத்தியதை அப்படியே இருக்குது. தூரமா இருக்கறது ஒரு விசயம், கண்டுக்காம இருக்கறது வேற விசயம், கோர்ட் பாக்கறது ரெண்டாவதைத்தான். அதே மாதிரி அவர் வண்டியில இருக்கற நாள்ல பள்ளிக்கூடத்துலயோ ஆஸ்பத்திரியிலயோ அம்மா கையெழுத்து பத்தாதுன்னு சொன்னா அதுவும் தப்புதான், 1999 தீர்ப்பு தற்காலிகமா இல்லாத அப்பாவுக்கும் சேத்துத்தான் சொல்லுது.

சரி, அந்த அம்மிணியோட பயத்துக்கு வருவோம். ஏழு வருசம் கழிச்சு வந்து கேட்டா குடுத்தே ஆகணுமா? கேஸ் போட அவருக்கு உரிமை இருக்குது, அத யாரும் தடுக்க முடியாது. 1890ம் வருசத்து காப்பாளர் சட்டத்துப்படி மனு போடணும், அதையும் பெங்களூர்ல போட முடியாது, புள்ள வழக்கமா குடியிருக்கற ஊரு எந்தக் கோர்ட்டுக்கு உட்பட்டதோ அங்கதான். அங்க ஜட்ஜ் கேக்கற முதல் கேள்வி ரத்தம் யாருதுங்கறது இல்ல, புள்ளைக்கு எது நல்லதுங்கறதுதான். புள்ளைக்குப் புரிஞ்சு சொல்ற வயசு இருந்தா அதுகிட்டயே கேக்கலாம்னு அந்த 1890 சட்டத்துலயே எழுதியிருக்குது. 1973லயே சென்னை ஐகோர்ட்டுல இருந்து போன ஒரு கேஸ்ல, புள்ளைக அப்பா அம்மாவோட உடைமையும் இல்ல, வெளையாட்டுப் பொருளும் இல்லன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. ஏழு வருசமா அமுச்சி, அதாவது அம்மாவப் பெத்த பாட்டி, கையில சோறு தின்னு, பக்கத்துப் பள்ளிக்கூடத்துல படிச்சு, சினேகிதிகளோட இருக்கற புள்ளைய, மொகம் தெரியாத ஒருத்தர்கூட ராவோட ராவா அனுப்பி வெக்கற ஜட்ஜை நான் அந்த 11 வருசத்துல பாக்கல.

ஆனா மொத்தமா ஒண்ணும் கெடைக்காதுன்னும் நெனைக்க வேண்டாம். பாக்கற உரிமை குடுப்பாங்க, மாசத்துல ரெண்டு நாள், கோர்ட் வளாகத்துலயே ரெண்டு மணி நேரம், அப்புறம் போகப் போக வீடியோ கால். 2020ல சுப்ரீம் கோர்ட் இந்த வீடியோ கால்ல பேசற உரிமையவே தனியா எடுத்துச் சொல்லியிருக்குது. புள்ளைக்கு ரெண்டு பேரோட பாசமும் வேணுங்கறதுதான் அவங்க நெனப்பு. இது அம்மாமாருக்குக் கசக்கும், எனக்குத் தெரியும். குடிச்சுட்டு அடிச்ச ஆளா இருந்தா அத ஆதாரத்தோட சொல்லி, தனியா விட வேண்டாம், யாராவது கூட இருக்கறப்போ மட்டும் பாக்கட்டும்னு கேக்கலாம். வெறும் கோவத்துக்காக மறைச்சா பின்னாடி அது அம்மாவுக்கே எதிராத் திரும்பும்.

இன்னொரு பக்கமும் இருக்குது. அம்மா இறந்து, புள்ள அமுச்சி ஊட்டுலயோ சித்தி ஊட்டுலயோ வளந்து, அப்பா இடையில இல்லாமப் போன கேஸ். 2019ல அப்படி ஒண்ணு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போச்சு. அம்மாவுக்குக் கேன்சர், அப்பாவுக்கு டிபி மூளை வரைக்கும் போயி ஆஸ்பத்திரியில, கைக்குழந்தைய அம்மாவோட கூடப்பொறந்தவங்க வளத்தாங்க. அம்மா போய்ச் சேந்துட்டாங்க, அப்பா குணமாகி வந்து கேட்டப்போ கோர்ட் குழந்தைய அவருகிட்டயே குடுத்துச்சு. நோயால விலகினவரை விட்டுட்டு ஓடினவரா எண்ணக் கூடாது. வளத்த சித்திக்கு நெஞ்சு வெடிச்சிருக்கும், இருந்தாலும் அந்தத் தீர்ப்பு சரின்னுதான் நான் நெனைக்கறேன்.

இப்ப அந்த 20 ரூபா பத்திரம். அப்புச்சிக்கு மனசு நோகாம எப்படிச் சொல்றதுன்னு நான் ரொம்ப யோசிச்சேன். ஊர்ல நாலு பேரு உக்காந்து தீத்து உடறது இன்னைக்கும் நடக்குது, சில சாதியில வழக்கமா இருக்கற முறைய நிரூபிச்சா புருசன் பொண்டாட்டி பிரிவு செல்லும்னு இந்து கல்யாணச் சட்டமே ஒத்துக்குது. அது புருசன் பொண்டாட்டிக்கு. புள்ள விசயத்துல அந்தப் பேப்பர் எதையும் கட்டுப்படுத்தாது. அப்பன்ங்கற உறவ எழுதிக் குடுத்து ரத்து பண்ண முடியாது. நாளைக்கே அவரு மனசு மாறி மனு போட்டா, இவரு புள்ளைய வேண்டாம்னு எழுதிக் குடுத்தவருன்னு காட்டற ஒரு சாட்சியா அந்தப் பேப்பர் உதவும், அவ்வளவுதான். அதுல இருக்கற ரெண்டாவது வரி, செலவு கேக்கக் கூடாதுங்கறது, சுத்தமா செல்லாது. ஏன்னா ஜீவனாம்சம் புள்ளையோட உரிமை, அத விட்டுக் குடுக்க அம்மாவுக்கும் அதிகாரம் இல்ல, அப்புச்சிக்கும் இல்ல, ஊருக்கும் இல்ல.

அந்த உரிமை முன்னால குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125வது பிரிவுல இருந்துச்சு, 2024 ஜூலை 1ல இருந்து புதுச் சட்டத்துல 144. கல்யாணத்துல பொறந்த புள்ளையா, கல்யாணம் இல்லாமப் பொறந்த புள்ளையான்னு அதுல வித்தியாசம் இல்ல. அம்மா குடியிருக்கற ஊர்லயே மனு போடலாம், அவரு இருக்கற ஊருக்கு அலைய வேண்டாம். 2020 நவம்பர்ல வந்த சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கு அப்புறம் ரெண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாத்தையும் அஃபிடவிட்டா போடணும், மனு போட்ட தேதியில இருந்தே கணக்குப் பண்ணிக் குடுக்கணும். உத்தரவு ஆன பிறகு அவரு கட்டலீனா, பாக்கி விழுந்த ஒரு வருசத்துக்குள்ள வசூலுக்கு மனு போட்டிரணும், இத நிறையப் பேரு தவற விட்டுட்டு அப்புறம் என் கடையில வந்து அழுவாங்க. புள்ளைய காட்டல அதனால காசு தரமாட்டேன்னு அவரு சொல்ல முடியாது, காசு தரல அதனால காட்டமாட்டேன்னு இவங்களும் சொல்ல முடியாது, ரெண்டையும் கோர்ட் தனித்தனியாத்தான் பாக்கும். வக்கீலுக்குக் காசில்லைனு பயப்படறவங்களுக்கு, பொம்பளைங்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவுன்னு பாக்காம இலவசமா வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்டம் சொல்லுது, மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு ஆபீஸ்ல ஒரு மனு எழுதிக் குடுத்தாப் போதும்.

புள்ள என்னுதே இல்லன்னு சொல்ற ஆளுகளும் உண்டு. கல்யாணம் நடப்புல இருக்கறப்போ, இல்லீனா கல்யாணம் முறிஞ்சு 280 நாளைக்குள்ள பொறந்த புள்ள அந்தப் புருசனோடதுன்னுதான் சட்டம் எடுத்துக்கும், ரெண்டு பேரும் சேர வாய்ப்பே இல்லாம இருந்ததுன்னு அவருதான் நிரூபிக்கணும். கேட்ட உடனே டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு உத்தரவு போடக் கூடாது, அது புள்ளைய அவமானப்படுத்தறதுன்னு சுப்ரீம் கோர்ட் 1993ல இருந்து 2023 வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்குது.

கல்யாணம் ஆகாம பொறந்த புள்ளைக்கு சட்டம் நேராவே அம்மாவத்தான் முதல் காப்பாளரா வெச்சிருக்குது, அப்பா அதுக்கப்புறம்தான். 2015 ஜூலையில ஒரு கிறிஸ்தவ அம்மா, பேரு வெளிய வராம நடத்தின கேஸ், புள்ளையோட அப்பா யாருன்னு சொல்லாமலே, அவருக்கு நோட்டீஸ் விடாமலே தன்னைய கார்டியன் ஆக்கணும்னு கேட்டாங்க, கீழ்க்கோர்ட்டும் ஐகோர்ட்டும் மாட்டேன்னுச்சு, சுப்ரீம் கோர்ட் சரின்னுச்சு. புள்ளைக்கு பர்த் சர்டிபிகேட் கேட்டா அம்மா அஃபிடவிட் போதும்னும் சொல்லிருச்சு. அப்பன் பேர் தெரியாதவன்னு வையறது நம்மூர்ல எவ்வளவு பெரிய வசவு, அந்தச் சொல்லுக்குப் பயந்து எத்தன பொண்ணுக வாயத் தொறக்காம இருந்திருக்கும்னு நெனைச்சா எனக்கு இப்பவும் மனசு தாங்காது.

பேப்பர் சமாச்சாரம் இப்ப எவ்வளவோ பரவால்ல. 2016 டிசம்பர்ல பாஸ்போர்ட் விதிய மாத்தி, அப்பா அம்மா ரெண்டு பேர்ல ஒருத்தர் பேரு இருந்தாப் போதும்னு ஆக்கிட்டாங்க. மைனருக்குப் போடறப்போ இன்னொருத்தர் சம்மதம் இல்லீனா அனெக்ஸர் சின்னு ஒரு உறுதிமொழி இருக்குது, ஏன் சம்மதம் வாங்க முடியலன்னு எழுதி ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போடலாம். பான் கார்டுல 2018 டிசம்பர்ல இருந்து, அம்மா தனியா வளக்கறாங்கன்னா அப்பா பேரு கட்டாயம் இல்ல. அந்த அம்மிணிகிட்ட நான் சொன்னது, அப்பா பேரப் போடறதால அவருக்குப் புதுசா ஒரு பாத்தியமும் வராது, போடாததால இருக்கற பாத்தியம் போயிரவும் போயிராது கண்ணு, அது வெறும் பேருதான். வெறும் பேருன்னு சொன்னாலும், கூட்டம் எது, அதாவது எந்தக் குலம், குலதெய்வம் எதுன்னு கேக்கற ஊர்ல, அது அப்பன் வழியாத்தான் வருதுன்னு நம்பற சனத்துக்கு நடுவுல, அந்தப் பேரு புள்ளைக்கு வேணுமா வேண்டாமான்னு முடிவெடுக்கறது லேசு இல்ல.

அம்மா மறுகல்யாணம் பண்ணினா வர்றதுதான் பெரிய சிக்கல். புள்ளைய கண்ணு மாதிரி பாத்துக்கற ரெண்டாவது அப்பாவுக்கு, சட்டத்துல காப்பாளர்னு இடமே கெடையாது, 6வது பிரிவுல அப்பா அம்மான்னா மாற்றாந்தகப்பன் மாற்றாந்தாய் அடங்க மாட்டாங்கன்னு தெளிவா எழுதியிருக்குது. தத்து எடுத்தாத்தான் அவரு அப்பா. தத்துக்கு பெத்த அப்பனோட சம்மதம் வேணும். அவரு துறவியாப் போயிருந்தா, மதம் மாறியிருந்தா, புத்தி சரியில்லன்னு கோர்ட் சொல்லியிருந்தா மட்டும்தான் இந்து தத்தெடுப்புச் சட்டத்துல விலக்கு. ஓடிப்போனவன்னு ஒரு விலக்கு அதுல இல்லவே இல்ல. ஏழு வருசம் பாக்காத ஒரு ஆள தேடிப் புடிச்சு, புள்ளைய வளக்கற ஆளுக்குத் தத்துக் குடுக்க கையெழுத்துப் போடுன்னு கெஞ்ச வேண்டியிருக்குது. இந்த இடத்துல சட்டம் மாறியே ஆகணும்னு நான் அடிச்சுச் சொல்வேன். முதல் புருசன் இறந்துட்டா கதை வேற, 2022 ஜூலையில சுப்ரீம் கோர்ட், புள்ளைக்கு எந்தக் குடும்பப் பேரு வெக்கறது, ரெண்டாவது புருசனுக்குத் தத்துக் குடுக்கறதா வேண்டாமாங்கறது அம்மாவோட முடிவுன்னு சொல்லிருச்சு.

தத்துக்கு ஓடறதுக்கு முன்னால இன்னொண்ணையும் யோசிக்கணும். தத்து ஆன அன்னைக்கே பொறந்த குடும்பத்தோட இருக்கற உறவு சட்டப்படி அறுந்துரும், ஏற்கெனவே புள்ள பேருக்கு வந்து சேந்த சொத்து மட்டும் நிக்கும். அப்பன் ஓடிட்டாலும் அப்பாரு, அதாவது அப்பனப் பெத்த தாத்தா, காலத்துக் காடு தோட்டத்துல புள்ளைக்குப் பங்கு இருக்குது, தமிழ்நாட்டுல 1989லயும் நாடு பூரா 2005லயும் சட்டம் வந்து பொண்ணுக்கும் பொறப்பாலயே பங்கு உண்டுன்னு ஆகிருச்சு. அவன் ஏழு வருசம் காணாமப் போனதால அந்தப் பங்கு ஒரு சென்ட் கூடக் கொறையாது. புள்ள பேர்ல தனியா நெலம் இருந்து, அத அப்பாவோ அம்மாவோ கோர்ட் அனுமதி இல்லாம வித்தா, புள்ளைக்கு 18 ஆகி மூணு வருசத்துக்குள்ள அந்தக் கிரயத்த ரத்து பண்ணக் கேக்கலாம்.

கடைசியா ஒண்ணு, இதை அந்த அப்புச்சிகிட்ட சொன்னப்போ அவரு அப்படியே ஸ்டூல்ல உக்காந்துட்டாரு. பேத்தி பேருக்கு ஒரு ஏக்கரு தானசெட்டில்மென்ட் பண்ணலாம்னு இருந்தாராம். வாயில வெச்சு சொல்லக் கூடாது, அந்தப் புள்ள நூறு வருசம் இருக்கோணும், ஆனா கல்யாணம் ஆகாத பொண்ணு போயிட்டா, அப்படி வந்த சொத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்துப்படி அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சரிபாதி. மைனர் உயிலும் எழுத முடியாது. பையனா இருந்தா அம்மா முதல் வகுப்பு வாரிசு, அப்பா ரெண்டாம் வகுப்பு, அதனால அம்மாவுக்கே முழுசும். பொண்ணா இருந்தா ஓடிப்போனவனுக்கும் பாதி. விபத்து நட்ட ஈட்டுப் பணத்துல இந்தச் சண்ட வந்து நானே ரெண்டு தடவ டைப் அடிச்சிருக்கேன். மக பேருக்கே எழுதி வெச்சுட்டு, மக உயில் எழுதட்டும்னு வக்கீல்கிட்ட கேட்டுக்கங்கன்னு சொல்லி அனுப்பினேன்.

பாஸ்போர்ட் அனெக்ஸர் சி வெச்சே போட்டோம், வந்துருச்சு. சட்ட உதவியில ஒரு வக்கீலம்மா கெடைச்சாங்க, ஜீவனாம்ச மனுவும் போட்டாச்சு. முதல் வாய்தாவுக்கு அந்த ஆளு வந்தாராம். கோர்ட் வராண்டாவுல நின்னு, புள்ள என்ன படிக்குதுன்னு கேட்டாராம், நாலாவதுன்னு அம்மிணி சொல்லுச்சாம், அதுக்கு மேல ரெண்டு பேருக்கும் பேச்சு வரலையாம். அடுத்த வாய்தாவுக்குள்ள சொத்து அஃபிடவிட் போடணும், அதத்தான் இப்ப டைப் பண்ணிட்டு இருக்கேன், பள்ளிக்கூட ஃபீஸ் ரசீது மட்டும் இன்னும் ரெண்டு வருசத்துது கெடைக்கல, அம்மிணி வீட்டுல தேடிட்டு இருக்குது.